மாமனாரின் மோட்டார்

இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதி குக்கரைப் பற்றியவை. மீதியில் பாதி, ஒழுகுகிற குழாயைப் பற்றியவை. தையல் மெஷின், கிரைண்டர், கீச்சிடும் ஊஞ்சல் சங்கிலி என்று மற்றவை வரும். மோட்டார் காரைப் பற்றி வருவது அபூர்வம். அதிலும் கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகிற ஸ்போர்ட்ஸ் கார், அதுவும் அறுபது வயதான கார் என்றால் கேட்க வேண்டுமா? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதிய சகோதரியின் பெயர் எதற்கு? விஷயத்தை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"அக்கா, என் மாமனார் சென்னையிலிருந்து இங்கே டாக்டர் வேலைக்கு வந்தவர். 1971-ல் பழைய காராக ஒரு எம்.ஜி.பி. வாங்கினார். 1966-ம் வருஷத்து வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். கூரை துணியைப் போல மடங்கும். போன வருஷம் மாமா காலமாகிவிட்டார். கார் ஷெட்டில் நிற்கிறது. 'விற்றுவிடலாம்' என்கிறார் இவர். அத்தையோ தினம் ஒரு தடவையாவது ஷெட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். 'ஓட்டச் சொல்லலேம்மா. அந்தப் பெட்ரோல் வாசனை இருக்கே, அது இருந்தாப் போதும். அவர் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு' என்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் தலை சுற்றுகிற தொகை சொல்கிறார்கள். சின்ன வேலைகளை நானே செய்துவிடலாமா? ஸ்பானரைத் தொட்டது கிடையாது. ஆனால் தையல் நன்றாக வரும்."

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பெட்ரோல் வாசனை.

ஒரு வருஷமாக நிற்கிற காரில் தினமும் பெட்ரோல் வாசனை வருகிறது என்றால், அது பழைய நினைவின் வாசனை அல்ல. எங்கேயோ பெட்ரோல் கசிகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். சாத்திய ஷெட்டில் ஒரு சுவிட்சைத் தட்டும்போது உண்டாகிற சிறு பொறி போதும். ஆகையால், இதைப் படித்த அன்றைக்கே ஷெட்டுக் கதவை விரியத் திறந்துவையுங்கள். அங்கே ஹீட்டர், பாய்லர் எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி, கசிவு நிற்கும்வரை அந்தக் காரில் உட்கார வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனம் கஷ்டப்படும்தான். வெயில் நாளாகப் பார்த்து, நாலு பேராகச் சேர்ந்து காரை வெளியே தள்ளி நிறுத்துங்கள். திறந்த வெளியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

கசிவுக்குக் காரணம் அநேகமாக ரப்பர் குழாய்தான். 2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். ஈ10 என்று பம்பில் எழுதியிருக்கும். எத்தனால் என்பது சாராயம். பழைய கார்களின் ரப்பர் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும் அந்தக் குடிப்பழக்கம் ஒத்துக்கொள்வதில்லை. ஊறுகிறது, வெடிக்கிறது, பொடிந்து போகிறது. உங்கள் கார் இந்தக் கலப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. எனவே இனிமேல் அந்த வண்டிக்கு ஈ5 என்று எழுதிய சூப்பர் பெட்ரோல்தான். விலை கூடுதல்தான்; ஆனால் மாதத்துக்கு ஒரு டாங்க்கூடச் செலவாகாத வண்டிக்கு அது ஒரு பெரிய விஷயமா?

பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டருக்குப் போகிற குட்டைக் குழாய்கள் கண்ணுக்குத் தெரியும். விரலால் வளைத்துப் பாருங்கள். கோலமாவு வாசலில் வெடித்த மாதிரி மேலே கீறல் கீறலாகத் தெரிந்தால் மாற்றவேண்டியதுதான். எத்தனால் தாங்குகிற குழாயில் 'ஆர்9' என்று அச்சிட்டிருக்கும்; அதைக் கேட்டு வாங்குங்கள். எம்.ஜி.பி.யில் பெட்ரோல் டாங்க் பின்னால், கார்புரேட்டருக்குத் தாழ்வாக இருக்கிறது. மின்சாரப் பம்ப்தான் பெட்ரோலை முன்னால் அனுப்புகிறது. ஆகவே சாவியைப் போடாத வரை, முன்புறக் குழாயைக் கழற்றினால் அதிலே நிற்கிற கொஞ்சம் பெட்ரோல்தான் சிந்தும். ஒரு சின்னத் தகர டப்பாவைக் கீழே வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், வண்டி வெளியே நிற்க வேண்டும், பாட்டரி இணைப்பை எடுத்திருக்க வேண்டும். கிளிப்பை இறுக்கும்போது குழாய் நசுங்கி வெளியே பிதுங்குகிற அளவுக்கு முறுக்க வேண்டாம். பம்ப் பக்கத்துக் குழாய் காருக்கு அடியில் இருக்கிறது. அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஒரு வருஷம் நின்ற பழைய பெட்ரோலையும் அவரே இறக்கிவிடட்டும்.

சரி, வண்டி எப்படிப்பட்டது என்று மற்ற வாசகிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.பி. 1962-லிருந்து 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் தயாரானது. கூரை போட்ட ஜி.டி. ரகத்தையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். நம் வீடுகளுக்கு அது ஒன்றும் அந்நியம் இல்லை. நம் அம்பாசிடரில் வெகு காலம் இருந்த 1489 ஸி.ஸி. பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 ஸி.ஸி. எஞ்சினும் ஒரே குடும்பம். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! தம்பி கல்யாண வீட்டுக்கும் ரயிலடிக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போனான். அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினான். அம்பாசிடரின் பானெட்டுக்குள் அப்பா கையை விட்டு நோண்டுவதை டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு எம்.ஜி.பி.யில் பாதி பாகங்கள் பழகிய முகங்களாகவே இருக்கும்.

இன்னொரு நல்ல செய்தி: இந்தக் காருக்குக் கிடைக்காத பாகமே இல்லை எனலாம். துரு தின்று தீர்ந்துபோன வண்டிக்கு முழு உடம்பையே புதிதாகத் தருகிறார்கள். 1988-லிருந்து பழைய அச்சுகளைக் கொண்டே புது எம்.ஜி.பி. கூடுகள் செய்துவருகிறார்கள். 1930-ல் ஆரம்பித்த எம்.ஜி. கார் கிளப் இன்றைக்கும் ஆபிங்டனில் இருக்கிறது. கம்பெனி அந்தக் காலத்தில் வெளியிட்ட ஒர்க்‌ஷாப் புத்தகம் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. ஸ்பானர் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். ஸ்பானர் வாங்கும்போது மில்லிமீட்டர் ஸ்பானர் வாங்கிவிடாதீர்கள். இந்தக் காரில் எல்லாம் இஞ்சுக் கணக்கு. அரை இஞ்சும், பதினாறில் ஏழு இஞ்சும் அடிக்கடி வேண்டியிருக்கும். கிட்டத்தட்டச் சேர்கிற மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கி வட்டமாகிவிடும். அப்புறம் அது யார் பேச்சையும் கேட்காது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டிய இடம். இங்கிலாந்தில் வருஷா வருஷம் கார்களை எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றி அமைக்கப்படாத கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயம் இல்லை. உங்கள் மாமனார் கார் இந்த ரகத்தில் வருகிறது. இது சலுகை போலத் தோன்றும். என் அபிப்பிராயத்தில் இது பொறுப்பைத் தூக்கித் தலையில் வைத்தது. அரசாங்கம் பார்க்காவிட்டாலும், ஓட்டத் தகுதியில்லாத காரை ரோட்டில் எடுத்தால் குற்றம் குற்றம்தான். விரும்பினால் பணம் கட்டி அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ரோட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் அவசியம் செய்துகொள்ளுங்கள். சோதனைச் சீட்டில் அவர்கள் எழுதுகிற குறைகளைப் பார்த்தாலே ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன தலைசுற்றும் தொகையில் எது அவசியம், எது அலங்காரம் என்று தெரிந்துபோகும்.

எது உங்கள் வேலை அல்ல என்று சொல்லிவிடுகிறேன். பிரேக், ஸ்டியரிங், உடம்பின் அடிப்பகுதி. இந்த மூன்றும் மெக்கானிக்குடையவை. நீங்கள் செய்யவேண்டியது கவனிப்பது மட்டும்.

இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. உடம்பே சட்டம். மேலே கூரையும் இல்லை. மூடியில்லாத அட்டைப் பெட்டியை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எப்படி நெளிகிறது! அப்படி நெளியாமல் காப்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற 'ஸில்' என்ற பெட்டி போன்ற பாகம். வெளியே பளபளவென்று பெயிண்ட் இருக்கும். உள்ளே துரு அரித்திருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் கீழ்ப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீர் என்று சொல்லும். மண்டிப்போன இடம் நீர் ஊறிய பலகையைப் போல மொத்தென்று சொல்லும். மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடுக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இடுக்கு சுருங்கினாலோ, திறந்த கதவு மறுபடி சாத்த முடியாமல் இடித்தாலோ, வண்டியின் முதுகெலும்பு போய்விட்டது என்று அர்த்தம். அந்த வண்டியில் அத்தையை ஏற்றிக்கொண்டு எங்கேயும் போகக் கூடாது.

பிரேக்குக்கும் ஒரு விஷயம். இன்றைய கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு வழியாகப் போகிறது; ஒன்று அறுந்தாலும் இன்னொன்று நிறுத்தும். 1966 எம்.ஜி.பி.யில் ஒரே வழிதான். ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரமும் கைவிரித்துவிடும். ஹாண்ட் பிரேக் ஒன்றே கதி. ஆகவே, ஒவ்வொரு தடவை கிளம்புமுன்னும் பிரேக் மிதியை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அன்றைக்குப் பயணம் இல்லை. பிரேக் எண்ணெயின் மட்டம் குறைந்திருந்தாலும் 'ஊற்றிக்கொண்டால் போச்சு' என்று இருக்கக் கூடாது. அது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் தோலை உரித்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பின் சக்கர டிரம்மில் இருக்கிற கறுப்புத் தூசியை மட்டும் வாயால் ஊதாதீர்கள், பிரஷ்ஷால் தட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நுரையீரலுக்கு எமன்.

ஜாக்கி மேல் மட்டும் நிற்கிற காருக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. செங்கல் அடுக்குவதும் கூடாது.

இனி உங்கள் கைக்கு உகந்த வேலைகளுக்கு வருவோம். தொடங்குமுன் வளையலைக் கழற்றுங்கள். மோதிரத்தையும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டீர்கள். ரவிக்கைக்குள் தள்ளி மேலே ஒரு சட்டையைப் போட்டுப் பித்தானை மேல்வரை பூட்டிக்கொள்ளுங்கள். பாட்டரியின் முனைக்கும் கார் உடம்புக்கும் குறுக்கே தங்கம் விழுந்தால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுட்டுவிடும். பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது முன்னால் சுழல்கிற விசிறிக்குத் துப்பட்டாவும் முந்தானையும் ஒன்றுதான்.

பாட்டரி எங்கே என்று பானெட்டுக்குள் தேட வேண்டாம். ஸீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு பலகை இருக்கும். அதற்குக் கீழே ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டு, தொங்கு தொட்டில்களில் இரட்டைக் குழந்தைகளைப் போலக் கிடக்கும். கைக்கு எட்டாத இடத்தில் வைத்தவரை யார் என்ன சொல்ல? வசதி பார்த்து ஒரே 12 வோல்ட் பாட்டரியாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. 1970-களின் நடுவில் கம்பெனியே அப்படி மாற்றிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்றைய கார்களில் பாட்டரியின் மைனஸ் முனை கார் உடம்போடு சேர்ந்திருக்கும். 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் இது தலைகீழ். பிளஸ் முனைதான் உடம்போடு சேரும். பழைய சொந்தக்காரர் யாராவது பிறகு மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே வருஷத்தை நம்பாமல் கண்ணால் பாருங்கள்: எந்தக் கம்பி நேரே காரின் தகட்டில் திருகியிருக்கிறதோ அதுதான் எர்த். பாட்டரியைக் கழற்றும்போது எர்த் கம்பியை முதலில் எடுங்கள்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். காரணம் எளிது. எர்த்தை எடுத்துவிட்டால், அடுத்த முனையைக் கழற்றும்போது ஸ்பானர் தப்பித் தவறி உடம்பில் பட்டாலும் தீப்பொறி வராது. பையன் ஆசைப்படுகிறான் என்று இந்தக் காலத்து ரேடியோவையோ போன் சார்ஜரையோ பிளஸ் எர்த் காரில் செருகினால் புகைதான் வரும், பாட்டு வராது.

விளக்கு மங்கலாக எரிகிறதா? வலது சிமிட்டுவிளக்கைப் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதா? பல்பை மாற்ற ஓடாதீர்கள். பத்தில் எட்டு தடவை எர்த் பிடிக்காத கோளாறு. இந்தக் கார்களின் மின்சாரச் சாமான்கள் லூகாஸ் கம்பெனியுடையவை. சென்னையில் பாடிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு லூகாஸ் என்ற பெயர் தெரியாமல் இருக்காது, 1961-ல் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து அங்கே தொழிற்சாலை வைத்த அதே லூகாஸ்தான். இங்கிலாந்துக்காரர்கள் அதன் ஸ்தாபகருக்கு 'இருட்டின் இளவரசர்' என்று பட்டம் சூட்டிக் கேலி செய்வார்கள். பாவம், ஐம்பது அறுபது வருஷம் மழையில் நனைந்த கம்பி என்றால் யார் செய்ததாக இருந்தால் என்ன? விளக்கின் எர்த் கம்பி உடம்பில் சேருகிற திருகை எடுத்து, மெல்லிய உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளிச்சென்று தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவிவிடுங்கள். கம்பிகள் ஒன்றோடொன்று சேருகிற இடங்களில் கறுப்பு ரப்பர் உறைக்குள் தோட்டா மாதிரி முனைகள் இருக்கும். அவற்றையும் உருவித் துடைத்துச் செருகுங்கள். ஒரு மத்தியான வேலை. செலவு ஒன்றுமில்லை. பலன் கண்கூடு.

ஃப்யூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவைக்கிற பழைய வித்தை ஒன்று உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்கிற மாமாக்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். கேட்காதீர்கள். ஃப்யூஸ் எரிந்தது தான் எரிந்து காரைக் காப்பாற்றத்தான்.

கார்புரேட்டருக்கு வருவோம். எஸ்.யு. என்று பெயர். இரண்டு இருக்கும், கவிழ்த்த கூஜா மாதிரி இருக்கும். செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் கண்டுபிடித்தது. ஆரம்பத்தில் இதற்குள் தோலால் செய்த துருத்தியே இருந்ததாம்! தலையில் ஒரு சின்ன மூடி. அதைக் கையாலேயே திருகி எடுத்தால், கூடவே ஒரு மெல்லிய தண்டு வரும். உள்ளே கொஞ்சம் எண்ணெய் இருக்க வேண்டும். மூடியை மறுபடி உள்ளே விடும்போது, திருகுக்கு வருவதற்குச் சற்று முன்பே எண்ணெய் எதிர்த்துத் தள்ளுவது விரலுக்குத் தெரியும். தெரியாவிட்டால் எண்ணெய் வற்றிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் டப்பாவில் எஞ்சின் எண்ணெயை நிரப்பி, புத்தகத்தில் சொன்ன மட்டத்துக்குச் சொட்டு சொட்டாக விடுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டி ஒரு விக்கல் விக்கிவிட்டுக் கிளம்பினால் அதற்கு இதுதான் கஷாயம்.

இந்த எஸ்.யு. கார்புரேட்டரைத் தொடும்போது பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினிலும் எஸ்.யு. கார்புரேட்டர்தான் இருந்தது. விமானி மூக்கைத் திடீரென்று கீழே தாழ்த்தினால் எஞ்சின் திணறி நின்றுபோகும். எதிரி தப்பிவிடுவான், சில சமயம் நம் ஆள் தப்ப முடியாமல் போகும். ஃபார்ன்பரோவில் அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் இன்ஜினீயராக இருந்த ஷில்லிங், 1941-ல் ஒரு சின்னப் பித்தளைத் துண்டைச் செய்தார். நடுவில் அளவான ஓட்டை. பெட்ரோல் வெள்ளமாய்ப் பாய்வதை அது தடுத்தது. விமானத்தைப் படையிலிருந்து விலக்காமலே பொருத்த முடிந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு நூறு மைலைத் தாண்டியவர் இவர்! 1945-ல் பட்டத்து இளவரசியாக இருந்த எலிஸபெத்தும் ராணுவப் பெண்கள் படையில் சேர்ந்து லாரி ஓட்டவும் எஞ்சின் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார். ஆகவே ஸ்பானர் ஆண்பிள்ளைச் சாமான் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று கேட்கும். கடியாரம் அல்ல, பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிரம்பும்வரை வேகமாக அடித்து, பிறகு அடங்கிவிட வேண்டும். குக்கர் விசிலை எண்ணிப் பழகிய காதுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. எஞ்சினை ஓட்டாமலே டிக் டிக் நிற்காமல் கேட்டால் டாங்க் காலி, அல்லது எங்கேயோ கசிவு. சாவியைத் திருப்பியும் சத்தமே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கிற தொடுமுனைகள் அழுக்கேறிவிட்டன. பம்பை ஸ்பானரால் லேசாகத் தட்டினால் உயிர் வந்துவிடும் என்பது எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனால் அது வீடு வந்து சேர்வதற்கான வைத்தியம். சேர்ந்ததும் பம்பைச் சரிபார்க்கக் கொடுத்துவிட வேண்டும்.

இதே மாதிரித் தொடுமுனைகள் எஞ்சின் பக்கத்து டிஸ்ட்ரிபியூட்டரிலும் உண்டு. 'பாயின்ட்' என்பார்கள். மூடியின் இரண்டு கிளிப்புகளைத் தள்ளினால் உள்ளே தெரியும். கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு தடவை இழுத்து, தூசி போகத் துடையுங்கள். நகம் தேய்க்கிற உலோக அரம்கூட அவசரத்துக்கு ஆகும். டாப் கியரில் போட்டுக் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் முனைகள் நன்றாக விரிந்து நிற்கிற நிலை வரும். அப்போது இடைவெளி 0.015 இஞ்சு இருக்க வேண்டும். அளவுத் தகடு விலை மலிவுதான், ஒன்று வாங்கிவிடுங்கள். நடுவழியில் நின்றுவிட்டால், கைப்பையில் இருக்கும் விசிட்டிங் கார்டின் தடிப்பு ஏறக்குறைய அதே அளவு.

இப்போது தண்ணீர். திறந்த காரின் முதல் சத்துரு மழை அல்ல; வெளியே போக வழியில்லாமல் உள்ளே தங்குகிற மழை. கண்ணாடிக்கு முன்னால் காற்று புகுவதற்கு ஒரு ஜல்லடை இருக்கிறது. அதில் விழுகிற தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கீழே போக வேண்டும். காய்ந்த இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேராகக் கால்மாட்டுக் கார்ப்பெட்டில் இறங்கும். ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டாவிட்டால் குழாய் அடைப்பு. கதவுகளின் அடி விளிம்பிலும், ஸில்லின் அடியிலும் சின்னத் துவாரங்கள் உண்டு. கொண்டை ஊசியால் குத்தி விடுங்கள். முற்றத்துச் சாக்கடை அடைப்பைப் பார்த்துக்கொள்கிற கவனம்தான். மாதம் ஒரு தடவை இதைச் செய்தாலே முன்பு சொன்ன முதுகெலும்பு பல வருஷம் நிற்கும். நனைந்த கார்ப்பெட்டை மேலே மட்டும் உலர்த்தினால் போதாது. அடியில் இருக்கும் கம்பளியையும் எடுத்து வெயிலில் போடுங்கள்.

கடைசியாக, நீங்கள் தேர்ந்த இடம். கூரை. அது வினைல் துணி. தையல் விட்டிருந்தால் பருத்தி நூலால் தைக்காதீர்கள். வெயிலும் ஈரமும் இரண்டு வருஷத்தில் அதை அறுத்துவிடும். படகுப் பாய்க்கும் கடை வாசல் பந்தலுக்கும் போடுகிற பாலியஸ்டர் நூல் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஒரு துளைகூடப் போடக் கூடாது. வினைலில் ஒவ்வொரு துளையும் மழைக்குத் திறந்த வாசல். பழைய துளைகளிலேயே போய் வர வேண்டும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே துளைக்குள் எதிரெதிராக இழுத்துத் தையுங்கள். செருப்புத் தைப்பவர் தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பக்கத்தில் ஒருவர் துணியை இழுத்துப் பிடித்தால் சுகமாக இருக்கும், அத்தையைக் கூப்பிடுங்கள். இரண்டு பேரும் பேச நிறைய இருக்கும். முடிந்ததும் தையல் மேல் அதற்கென்று விற்கிற மெழுகுத் திரவத்தைத் தடவி ஒரு நாள் உலர விடுங்கள்.

கூரையைச் சோப்புத் தண்ணீரில் மெத்தென்ற பிரஷ்ஷால் கழுவினால் போதும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். பின்புறத்து ஜன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். காய்ந்த துணியால் துடைத்தால் ஒவ்வொரு தூசியும் ஒரு கோடு போடும்; தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். கூரையைப் பிடித்திருக்கும் பித்தான்களில் சிலவற்றின் மேல் ஒரு ஓரத்தில் சின்னப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிப் பக்கமாகத் தூக்கினால்தான் கழலும். வேறு பக்கத்திலிருந்து இழுத்தால் பித்தான் அசையாது, துணிதான் கிழியும்.

குளிர் நாளில் வினைல் அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். அப்போது மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். காரை வெயிலில் அரை மணி நிறுத்தி, துணி இளகிய பிறகு மடியுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மாதக்கணக்கில் மடித்தே வைத்தால் துணி சுருங்கி, பிறகு பித்தான் வரை எட்டாது. ஆகையால் ஷெட்டில் நிற்கும்போது கூரையை மேலே போட்டுவையுங்கள். வெளியே கிளம்பி மடிக்கிற நாட்களில், பிளாஸ்டிக் ஜன்னலின் மடிப்புக்குள் பழைய ஃபிளானல் துணி ஒன்றை வைத்து மடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம், சேலத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கிரைண்டர் பெல்ட்.